கொலஸ்ட்ரால் மாத்திரையும் கிரேப்ஃப்ரூட்டும்: எங்கெல்லாம் தவறு நடக்கிறது?

கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுபவர்கள் கிரேப்ஃப்ரூட் பக்கமே போகக் கூடாது என்று வாட்ஸ்அப்பில் வருவது பாதிதான் சரி. எந்த மாத்திரை என்பதை யாரும் சொல்வதில்லை.

கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் என்பது ஒரே மருந்தல்ல, மருந்துகளின் ஒரு வகை. அதில் சிம்வாஸ்டாட்டினும் லோவாஸ்டாட்டினும் இந்தப் பழத்தால் கடுமையாகப் பாதிக்கப்படும், அடோர்வாஸ்டாட்டின் ஓரளவுக்கு. ரோசுவாஸ்டாட்டின், பிராவாஸ்டாட்டினுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. நம்மூரில் அதிகம் எழுதித் தரப்படுவது அடோர்வாஸ்டாட்டினும் ரோசுவாஸ்டாட்டினும்தான். அதனால் கம்பெனி வைத்த பெயரோடு நிற்காமல், அட்டையில் பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரையும் படித்துவிடுங்கள்.

"ஜூஸ் காலையில், மாத்திரை ராத்திரியில். இரண்டும் எங்கே சந்திக்கப் போகிறது?" இந்தக் கணக்கு நிறையப் பேரிடம் உண்டு. ஆனால் சிக்கல் நடப்பது வயிற்றில் அல்ல, சிறுகுடலின் சுவரில். அங்குள்ள சிஒய்பி3ஏ4 என்ற நொதி, மருந்தில் கணிசமான பகுதியை ரத்தத்தில் கலப்பதற்கு முன்பே சிதைத்துவிடும். அந்த இழப்பையும் சேர்த்துத்தான் மாத்திரையின் அளவே வகுக்கப்படுகிறது. கிரேப்ஃப்ரூட்டில் உள்ள ஃபியூரனோகூமரின்கள் என்ற வேதிப்பொருள்கள் அந்த நொதியைத் திரும்ப வேலை செய்யவிடாமல் முடக்குகின்றன. குடல் புதிதாக நொதி தயாரிக்க ஒன்று முதல் மூன்று நாள்வரை ஆகும். பின்லாந்து ஆய்வொன்றில், அடர்த்தியான சாற்றைத் தினம் மூன்று வேளை குடித்தவர்களின் ரத்தத்தில் சிம்வாஸ்டாட்டின் 10 மடங்குக்கும் மேல் ஏறியது. சாற்றை நிறுத்தி 24 மணி நேரம் கழித்து மாத்திரை போட்டபோதும் சுமார் இரு மடங்கு.

மருந்து கூடினால் கொழுப்பு இன்னும் குறையுமே என்று நினைக்க வேண்டாம். கூடுவது தசைக்கான ஆபத்து. அரிதாகத் தசை சிதைந்து சிறுநீரகம் வரை பாதிக்கும். காரணமில்லாத தசைவலி, சோர்வு, கோலா நிறத்தில் சிறுநீர் என்றால் உடனே மருத்துவரிடம் போங்கள்.

பம்பளிமாஸை மறந்துவிடுவது இன்னொரு தவறு. கிரேப்ஃப்ரூட்டே பம்பளிமாஸும் ஆரஞ்சும் கலந்து பார்படோஸில் பிறந்த பழம்தான்; அதே ஃபியூரனோகூமரின்கள் பம்பளிமாஸிலும் உண்டு. வழக்கமான இனிப்பு ஆரஞ்சில் இந்தத் தொல்லை இல்லை.

என்னைக் கேட்டால், பழத்துக்குப் பயந்து மாத்திரையை நிறுத்துவதுதான் இவற்றிலேயே மோசமானது. மாரடைப்பு வந்தவர்களுக்கு அது விபரீதம். பழம் விட முடியாத அளவுக்குப் பிடிக்கும் என்றால், வேறு ஸ்டாட்டினுக்கு மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

பழத்தில் இவ்வளவு கவனமாக இருப்பவர்களும் படர்தாமரைக்கு இட்ராகொனசோல் வாங்கும்போது கொலஸ்ட்ரால் மாத்திரையைப் பற்றி மூச்சுவிடுவதில்லை. இட்ராகொனசோலும், கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கும் இதே நொதியைப் பழத்தைவிட வலுவாக முடக்குபவை. சிம்வாஸ்டாட்டினோடு இவற்றைச் சேர்க்கவே கூடாது. அடோர்வாஸ்டாட்டின் என்றால் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும்.