மெட்டல் கிட்டார் கனமாக ஒலிக்க கெயினைக் குறையுங்கள்

ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் வீட்டு அறையிலேயே மெட்டல் பதிவு செய்யும் தம்பி தங்கச்சிமாருக்கு இது. கெயின், அதாவது கிட்டார் ஒலியின் கரகரப்பைக் கூட்டும் அளவு, கூடக் கூட ரிஃப்பின் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரியின்) அடி மழுங்கிப்போகும். உள்ளங்கை ஓரத்தால் தந்திகளை அமுக்கி வாசிக்கும் பாம் மியூட் பண்ணும்போது ஒவ்வொரு வெட்டும் தனித்தனியாகக் கேட்கும் வரை குறையுங்கள். ஆம்புக்கு முன்னால் ஓவர்டிரைவ் பெடல் ஒன்று வைத்து, அதன் டிரைவை (கரகரப்பை) அடியோடு குறைத்து லெவலை (வெளிவரும் ஒலியளவை) கூட்டினால் கீழ் ஒலி இறுகும்.

அடுத்தது முக்கியம். அதே ரிஃப்பை இரண்டு தடவை வாசித்து, ஒன்றை முழுதாக இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் தள்ளுங்கள். ஒரே பதிவைக் கொப்பி பண்ணிப் போட்டால் சரிவராது. இரண்டு வாசிப்புக்கும் உள்ள நுண்ணிய வேறுபாடுதான் அந்த அகலத்தைத் தருகிறது. கிட்டாரில் 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டி, அந்த இடத்தை பேஸுக்கும் கிக் டிரம்முக்கும் விடுங்கள். தனியாகக் கேட்டால் கிட்டார் மெலிந்தது போலிருக்கும், பயப்படாதீர்கள். பேஸ் சேர்ந்ததும் சுவர் மாதிரி நிற்கும்.

தகரக் கூரையில் மழை கொட்டினாலும் பிரச்சினையில்லை. கிட்டாரை நேரே, கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸில் செருகி, ஆம்ப் ஒலியை மென்பொருளில் எடுக்கலாம். மலைக் குளிரில் சுருதி நகரும் என்பதால், ஒவ்வொரு டேக்குக்கும் முன் டியூனரைப் பாருங்கள்.