செம்பு வட்டிலிருந்து வாட்டர் பிளாக்: லேத் பட்டறையின் துணையோடு நாமே செய்துகொள்ளும் முறை

குளிருக்குப் பெயர்போன குன்னூரில் ஒரு கணினிக்குத் தண்ணீர்க் குளிர்விப்பு எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். காற்று குளிர்ந்திருப்பது உண்மைதான். ஆனால் ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. விசிறி அதே கன அளவு காற்றைத் தள்ளினாலும் அந்தக் காற்றின் நிறை குறைவாக இருப்பதால், அது சுமந்து செல்லும் வெப்பமும் குறைகிறது. இரவு நேரங்களில் வீடியோ ரெண்டர் ஓடும்போது என் கணினியின் சிறிய விசிறி உச்ச வேகத்தில் இரைந்துகொண்டே இருக்க, பக்கத்து அறையில் அப்பா உறங்க முடியாமல் எழுந்து உட்கார்ந்துவிடுவார். அகலமான ரேடியேட்டரும் மெதுவாகச் சுழலும் பெரிய விசிறியும் இருந்தால் இந்தச் சத்தம் அடங்கும் என்பதால்தான் வாட்டர் பிளாக் செய்ய இறங்கினேன். வாட்டர் பிளாக் என்பது பிராசஸர் மேல் உட்காரும், உள்ளே தண்ணீர் ஓடும் உலோகக் கட்டி. அதன் பள்ளங்களில் ஓடும் தண்ணீர் வெப்பத்தை வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்குப் போய் ஆறும்; மேலே உள்ள மூடி தண்ணீரை அடைத்துவைக்கும்.

கணினியைப் பிரித்துப் பூட்டவும், பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதியது தடவவும் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதல் இரண்டு பிளாக்குகளும் ஒழுகின. அவற்றில் நான் பிழைவிட்டது பள்ளங்களை வெட்டுவதில் அல்ல. மூடியை உட்கார வைப்பதில். ஆகவே அந்தப் பகுதியை விரிவாகச் சொல்லப்போகிறேன்.

உலோகம்

செம்பைத் தவிர வேறு எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். செம்பின் வெப்பக் கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்குச் சுமார் 400 வாட். தூய அலுமினியத்தில் அது சுமார் 237, பித்தளையில் இன்னும் குறைவு. 75 மி.மீ. விட்டமுள்ள செம்பு உருளையிலிருந்து 12 மி.மீ. தடிமனுக்கு ஒரு வட்டு அறுத்து வாங்குங்கள். அதன் எடை 475 கிராம் அளவுக்கு வரும் என்பதால், எடைக்கு விற்கும் கோயம்புத்தூர் உலோகக் கடைகளில் செலவை முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்ளலாம். சதுரத் தகட்டைவிட வட்டையே நான் விரும்புகிறேன், ஏனென்றால் லேத்தில் ஒரே பிடிப்பில் ஒரு முகத்தின் வேலை முழுவதும் முடிந்துவிடும்.

கடைசல்

வட்டின் வெளிவிட்டத்தை 70 மி.மீ. ஆக்குங்கள். மேல்முகத்தில் நடுவே 34 மி.மீ. விட்டத்துக்கு ஒரு மேடையை 3 மி.மீ. உயரம் நிறுத்தி, சுற்றிலும் உள்ளதை இறக்கிவிட வேண்டும். அந்த இறங்கிய விளிம்பின் தடிமன் 4 மி.மீ. அடிமுகத்திலும் 45 மி.மீ. விட்டத்தில் 2 மி.மீ. உயரமுள்ள படி ஒன்றை விடுங்கள். பிராசஸரைத் தொடப்போவது அதுதான். அந்தப் படி இல்லாவிட்டால் மதர்போர்டில் சுற்றி நிற்கும் கெப்பாசிட்டர்கள் மீது விளிம்பு இடிக்கும்.

மேடையை உயர்த்தி நிறுத்துவதற்குக் காரணம் உண்டு. பள்ளங்களை 1 மி.மீ. தடிமனுள்ள வட்ட ரம்பத்தால்தான் வெட்டுகிறோம். தட்டையான தகட்டில் 3 மி.மீ. ஆழம் வெட்டினால், ரம்பத்தின் வளைவு பள்ளத்தின் இரு முனைகளையும் தாண்டி ஓடி, தண்ணீர் ஒழுகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் உட்காரும் இடத்தையே அறுத்துவிடும். மேடை உயர்ந்திருந்தால் ரம்பம் விளிம்புக்கு மேலாகத் தடையின்றிக் கடந்து போகும்.

நீலகிரியில் இருப்பவர்களுக்கு இந்த வேலையில் ஒரு வசதி இருக்கிறது. இங்குள்ள தேயிலைத் தொழிற்சாலைகளில் இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. ரோலர்கள் தேயத் தேய, அவற்றின் பற்களை மறுபடி கூராக்கித் தரும் பட்டறைகள் உண்டு. நெருக்கமான பள்ளங்களைச் சம இடைவெளியில் வெட்டுவது அவர்களுடைய அன்றாட வேலை. எனக்கு வெட்டிக்கொடுத்த பெரியவர் வரைபடத்தைப் பார்த்ததும், "தம்பி, ரோலர் எஃகு, அது உதிரும்; செம்பு பிசின் மாதிரி ஒட்டும். அவசரப்படுத்தாம விட்டுட்டுப் போ, நாளைக்கு வா" என்றார். அவர் சொன்னபடியே, கூர் மழுங்காத ரம்பத்தோடு, கட்டிங் ஆயிலைத் தொடர்ந்து விட்டு, ஒவ்வொரு பள்ளத்தையும் இரண்டு மூன்று தடவையாக இறக்கினால் மட்டுமே சுவர்கள் வளையாமல் நிற்கின்றன.

2 மி.மீ.க்கு ஒரு பள்ளம் என்ற கணக்கில் 15 பள்ளங்கள், ஒவ்வொன்றும் 2.8 மி.மீ. ஆழம். இதனால் தண்ணீர் தொடும் பரப்பு வெறும் மேடையைப் போல மூன்று மடங்குக்கு மேல் ஆகிறது. அரை மில்லிமீட்டர்ப் பள்ளம் இன்னும் நல்லதுதான். ஆனால் முதல் பிளாக்கில் அதை முயலாதீர்கள்.

மூடி

மூடிக்கு 15 மி.மீ. தடிமனுள்ள டெல்ரின் என்ற கெட்டியான பிளாஸ்டிக் வாங்குங்கள். அக்ரிலிக் கண்ணாடி போல அழகாக இருக்கும். உள்ளே ஓடும் தண்ணீரும் தெரியும். ஆனால் திருகு வெட்டிய துளைகளைச் சுற்றி அது விரிசல் விடுகிறது, ஆல்கஹால் கொண்டு துடைத்தாலோ அந்த விரிசல் இன்னும் எளிதாக விழுகிறது. டெல்ரின் கடைசலுக்கு இணங்கி வரும், விரிசல் விடாது.

மூடியின் அடியில் 46 மி.மீ. விட்டத்துக்குக் குழி எடுக்க வேண்டும். செம்பு மேடை அதற்குள் போய் உட்காரும். மேடையைச் சுற்றி 6 மி.மீ. அகல வளையமாக ஒரு கால்வாய் மிஞ்சும். குழியின் நடுவில், பள்ளங்களுக்குக் குறுக்காக, 28 மி.மீ. நீளமும் 4 மி.மீ. அகலமும் 2 மி.மீ. ஆழமும் உள்ள வாய்க்கால் ஒன்றை வெட்டுங்கள். தண்ணீர் நடுத்துளை வழியாக அந்த வாய்க்காலுக்கு வந்து, எல்லாப் பள்ளங்களிலும் இரு பக்கமும் பிரிந்து ஓடி, வளையக் கால்வாயில் சேர்ந்து வெளியேறும். வெப்பம் மிகுந்த நடுப்பகுதியைக் குளிர்ந்த தண்ணீர் முதலில் தொடுவதே இந்த அமைப்பின் பயன்.

பைப் பொருத்துகளுக்குக் கால் அங்குல ஜி திருகு (குழாய்களுக்கான திருகு அளவு) வெட்ட வேண்டும். 11.8 மி.மீ. துளையை 8 மி.மீ. ஆழம் வரை மட்டும் போட்டு, அதற்குக் கீழே வாய்க்காலுக்கு 6 மி.மீ., கால்வாய்க்கு 5 மி.மீ. என்று சிறு துளைகளை இறக்குங்கள். இரண்டு வாய்களுக்கும் மையத்திலிருந்து மையத்துக்கு 22 மி.மீ. தூரம் இல்லையென்றால் பொருத்துகள் ஒன்றோடொன்று முட்டும். வெளியேறும் வாயின் சிறு துளையை மூடியின் மையத்திலிருந்து 20 மி.மீ. தொலைவில் போட்டால் அது கால்வாய்க்குள் விழும். பொருத்தின் அடியிலேயே ரப்பர் வளையம் இருப்பதால் கையால் இறுக்கினால் போதும், டெஃப்லான் டேப் சுற்ற வேண்டாம்.

ஓ-ரிங்

என் இரண்டு பிளாக்குகளும் தோற்றது இங்கேதான். 2 மி.மீ. தடிமனுள்ள நைட்ரைல் ஓ-ரிங் வாங்கினேன். அது கால் பங்கு அமுங்க வேண்டும் என்று படித்திருந்ததால் 1.5 மி.மீ. ஆழத்தில் பள்ளம் எடுத்தேன். அதுவரை சரி. ஆனால் ரப்பர் இறுக்கமாக உட்காரட்டும் என்று பள்ளத்தின் அகலத்தையும் 2 மி.மீ. ஆகவே வைத்தேன். ரப்பரை அழுத்தினால் அதன் வடிவம் மாறுமே தவிர, கன அளவு குறையாது. 2 மி.மீ. விட்டமுள்ள வளையத்தின் குறுக்குவெட்டு 3.14 சதுர மி.மீ.; நான் விட்ட இடமோ 3 சதுர மி.மீ. மட்டும். போக இடமில்லாத ரப்பர் மூடியைத் தூக்கிப் பிடித்தது. இடைவெளி தெரிகிறதே என்று திருகுகளை மேலும் இறுக்கினேன். முதல் மூடி அக்ரிலிக் என்பதால் விரிசல் விட்டது. இரண்டாவது டெல்ரின் மூடி வளைந்து, இரண்டு திருகுகளுக்கு நடுவே ஒழுகியது. குறை திருகில் இருப்பதாக எண்ணி இரண்டு வாரங்களை அதிலேயே செலவிட்டேன்.

பள்ளத்தின் அகலத்தை 2.6 மி.மீ. ஆக்கியதும் இடம் 3.9 சதுர மி.மீ. ஆயிற்று. ரப்பர் அதில் ஐந்தில் நான்கு பங்கை நிரப்பிக்கொண்டு பக்கவாட்டில் விரிய இடம் பெறுகிறது. இந்தப் பள்ளத்தைச் செம்பு விளிம்பில், உள்விட்டம் 48 மி.மீ. என்று எடுங்கள். அதற்கு வெளியே, 62 மி.மீ. வட்டத்தில் ஆறு எம்4 (4 மி.மீ.) திருகுகள். அவை ஓ-ரிங்குக்கு வெளியே இருப்பதால் செம்பில் முழுக்கத் துளைத்துத் திருகு வெட்டலாம்.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். மேடையின் உயரம் மூடிக் குழியின் ஆழத்தைவிடச் சிறிது கூடினாலும் மூடி மேடை மீது நின்றுவிடும், ஓ-ரிங் அமுங்காது. ஆகவே மேடை 3 மி.மீ. என்றால் குழி 3.05 இருக்கட்டும். திருகுகளை எதிரெதிராக, சிறிது சிறிதாக இறுக்கி, மூடி விளிம்பைத் தொட்டதும் நிறுத்திவிடுங்கள்.

அடிமுகத்தைச் சமப்படுத்துதல்

தடித்த கண்ணாடி ஒன்றின் மேல் நீரில் நனையும் உப்புத்தாளை விரித்து, 400, 800, 1200 என்ற வரிசையில் தேயுங்கள். மார்க்கர் பேனாவால் குறுக்கும் நெடுக்கும் கோடுகள் போட்டுக்கொண்டு தேய்த்தால் மேடும் பள்ளமும் தானே தெரியும். கண்ணாடிப் பளபளப்பு தேவையில்லை. எல்லாக் கோடுகளும் ஒரே நேரத்தில் மறைந்தால் போதும்.

பிளாக்கை மதர்போர்டில் பிடித்துவைக்க ஒரு இரும்புப் பட்டையும் நான்கு ஸ்பிரிங் திருகுகளும் வேண்டும். பிராசஸர் உட்காரும் சாக்கெட்டைப் பொறுத்துத் துளைகளின் தூரம் மாறும்: இன்டெல் 1151, 1200 சாக்கெட்டுகளில் துளைகள் 75 மி.மீ. சதுரத்தில் இருக்கும், 1700 சாக்கெட்டில் 78, ஏஎம்டியின் ஏஎம்4 போர்டில் 90க்கு 54 மி.மீ. செவ்வகத்தில்.

சோதனை

கணினிக்கு அருகே கொண்டுபோவதற்கு முன், ஒரு வாயை அடைத்து, மறு வாயில் சைக்கிள் பம்பால் மெதுவாகக் காற்றேற்றி, வாளித் தண்ணீரில் பிளாக்கை அமிழ்த்துங்கள். பஞ்சர் கடையில் டியூபைப் பார்ப்பதைப் போலக் குமிழி வருகிறதா என்று ஐந்து நிமிடம் பாருங்கள். பிறகு பம்பு, ரேடியேட்டர் எல்லாவற்றையும் இணைத்து, மேசை மேல் 24 மணி நேரம் தனியாக ஓடவிடுங்கள்.

பெரிய பம்பு தேவையில்லை. நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஓடினாலே 100 வாட் வெப்பம் தண்ணீரைச் சுமார் 1.4 டிகிரிதான் சூடாக்கும். ரேடியேட்டரில் மட்டும் கவனம் வேண்டும்: பழைய கார் ஹீட்டரைக் கழற்றிப் பயன்படுத்துவதானால் அது செம்பு அல்லது பித்தளையா என்று பாருங்கள். அலுமினியமும் செம்பும் ஒரே தண்ணீரைத் தொட்டால் மின்வேதி அரிப்பில் அலுமினியம் கரைந்துகொண்டே போகும். குழாய்த் தண்ணீர் வேண்டாம், டிஸ்டில்டு வாட்டரில் அரிப்புத் தடுப்பானும் பாசித் தடுப்பானும் கலந்து ஊற்றுங்கள்.

பின்னர் சேர்த்தது

கோத்தகிரி வாசகர் ஒருவர், எல்லாச் சோதனையும் தேறிய பிளாக்கில் காலையில் நீர்த்துளிகள் நிற்பதாக எழுதியிருந்தார். ஐப்பசி மழை நாளில் எனக்கும் அதுவே நேர்ந்தது. ஓடிக்கொண்டிருக்கும் பிளாக் அறையைவிடக் குளிர்ந்துபோகாது என்பதால் அப்போது பனி படியாது. ஆனால் இரவெல்லாம் அணைந்து கிடக்கும் கணினியில் ஒரு லிட்டர்த் தண்ணீரும் செம்பும் குளிர்ந்தே இருக்க, காலையில் சமையலறையின் சோற்று ஆவி அறைக்குள் வரும்போது அதில் படிந்துவிடுகிறது. இப்போது கணினி அறையின் கதவைக் காலையில் சாத்திவைக்கிறேன். துளி தெரிந்தால் துடைத்து உலர்ந்த பிறகே கணினியைப் போடுகிறேன். ஒழுகலா பனியா என்று பிரித்தறிய, தண்ணீரில் குளிர்விப்பு நீருக்கென விற்கும் சாயத்தைச் சிறிது கலந்துவைத்திருக்கிறேன். வெள்ளைக் காகிதத்தால் துளியை ஒற்றும்போது நிறம் ஏறினால் பிளாக்கைக் கழற்ற வேண்டும். ஏறாவிட்டால் அது வெறும் பனி.