ஓட்டு வீடும் தொட்டிப்பாலமும்: அச்சிலும் மண்ணிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குமரி மாவட்டத்து ஓட்டு வீட்டை லினோவில் (செதுக்கி, மை தடவி அச்செடுக்கும் லினோலியத் தகட்டில்) செதுக்குபவர்கள் பெரும்பாலும் கூரையில்தான் கோட்டைவிடுகிறார்கள். ஒவ்வொரு ஓடாகக் கீறினால், மை ஏறியதும் அந்த மெல்லிய கோடுகள் அடைபட்டு, கூரை முழுவதும் ஒரே திட்டாகிவிடும். வீட்டுக்கு உருவம் கொடுப்பது இறவாரத்தின் கீழ் விழும் நிழல். இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவத்திலும் ஐப்பசியிலும் மழை கொட்டும் ஊர் என்பதால் கூரை நன்றாகச் சரிந்து, சுவரைத் தாண்டி நீண்டு நிற்கிறது. பத்மநாபபுரம் அரண்மனை முற்றத்தில் நின்று பார்த்தாலே இது விளங்கும். நிழல் விழும் பகுதியைத் தொடாமல் கருப்பாக விடுங்கள். ஓட்டுக்கு, விளிம்பில் இரண்டு மூன்று வரிசை காட்டினால் போதும்.

அச்சில் இடம் வலமாக மாறும். டிரேசிங் தாளில் வரைந்து, கவிழ்த்து வைத்தே லினோவுக்கு மாற்றுங்கள். தெரிந்த மலையும் ஆறும் பக்கம் மாறினால் ஊர்க்காரர் கண் உடனே பிடித்துவிடும்.

ரோலர் உருளும்போது பட்டு உரசுவதுபோல் ஓசை வரவேண்டும். பசக் பசக்கென்று ஒட்டினால் மை அதிகம். கண்ணாடியில் பரப்பியதை வழித்து எடுத்துவிடுங்கள். மழைக்காலத்தில் தாள் ஈரம் குடித்து விரியும், அதனால் இரண்டாவது நிறம் முதல் நிறத்தோடு பொருந்தாது. இடைப்பட்ட நாட்களில் அச்சடிக்காத தாள்களைப் பாலித்தீன் உறையில் மூடி வையுங்கள். எண்ணெய் மை அச்சுகளை அடுக்கவே கூடாது. கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள், அந்தப் பருவத்தில் ஒரு வாரம்கூட ஆகலாம்.

சுடுமண்ணில் பலருக்கும் ஆசை, பள்ளத்தாக்கின் மேலே தொட்டியில் கால்வாய் நீரைக் கொண்டுசெல்ல 1966இல் கட்டிய மாத்தூர் தொட்டிப்பாலத்தைச் செய்வது. சுமார் 115 அடி உயரத் தூண்களை அதே அளவு விகிதத்தில் மெலிதாக்கினால் ஈரத்திலேயே வளைந்துவிடும். சற்றுத் தடிமனாக்கத் தயங்க வேண்டாம். களிமண் காய்ந்து சுடும்போது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சுருங்கும். தூண்களின் அடி பலகையில் ஒட்டிக்கொண்டால் மேலே தொட்டி சுருங்கி இழுக்கும், இணைப்பில் விரிசல் விழும். அடியில் மெல்லிய மணல் தூவினால் அவையும் சேர்ந்து நகரும். தொட்டியைத் தனியாகச் சுட்டுப் பிறகு ஒட்டுவது இன்னும் பாதுகாப்பு.

சூளையில் வெடிப்பதற்குக் காற்றுக்குமிழைக் குறை சொல்வார்கள். உண்மையில் வெடிக்க வைப்பது உள்ளே தங்கிய ஈரம் நீராவியாவதுதான். உருவத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். குளிர்ச்சியாக இருந்தால் இன்னும் காயவில்லை. உள்ளே குடைந்து, சுவர் 1 முதல் 1.5 செ.மீ. இருக்கும்படி வைத்து, 100 டிகிரி தாண்டும்வரை தீயை மெதுவாக ஏற்றுங்கள்.