பல நாட்டு மருத்துவ அகாடமிகள் சேர்ந்து அரசுக்கு ஆலோசனை சொல்வது எப்படி

மருத்துவ அகாடமி என்பது ஒரு நாட்டின் முன்னணி மருத்துவ அறிஞர்களின் அமைப்பு. இப்படிப் பல அகாடமிகள் சேரும்போது, நிபுணர்களைக் கூட்டியதும் அறிக்கை எழுத உட்கார்ந்துவிடாதீர்கள். அரசு எந்த முடிவை எடுக்கப் போகிறது, எப்போது எடுக்கப் போகிறது என்று கேட்டு, அதற்கு உதவும் கேள்வியை முதலில் எழுத்தில் வாங்குங்கள்.

ஐரோப்பாவில் புற்றுநோய் ஸ்கிரீனிங், அதாவது அறிகுறி இல்லாதவர்களை முன்கூட்டியே பரிசோதிக்கும் விஷயத்தில் நடந்ததைப் பாருங்கள். 2003-ல் ஐரோப்பிய ஒன்றியம் மார்பகம், கருப்பை வாய், பெருங்குடல் என்ற மூன்று புற்றுநோய்களுக்குத்தான் ஸ்கிரீனிங்கைப் பரிந்துரைத்திருந்தது. கிட்டத்தட்ட இருபது வருடம் கழித்து, அதை எப்படி மேம்படுத்தலாம், நுரையீரல், புராஸ்டேட் (ஆண்களுக்கு உள்ள ஒரு சுரப்பி), இரைப்பைக்கும் விரிக்க ஆதாரம் இருக்கிறதா என்று ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் கேட்டது. கேள்வி இப்படித் தெளிவாக வந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அடுத்தது ஆள் தேர்வு. புற்றுநோய் மருத்துவர்கள் மட்டும் போதாது. நோய்ப்பரவலியல், சுகாதாரப் பொருளாதாரம், மருத்துவ நெறிமுறை தெரிந்தவர்களும் வேண்டும். ஸ்கேன் எந்திர நிறுவனத்திடம் யாராவது பணம் வாங்குகிறார்களா என்பதைக் குழுவில் சேர்ப்பதற்கு முன்பே எழுதி வாங்கிவிடுங்கள், பிறகு தெரியவந்தால் மொத்த அறிக்கையையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்: ஆதாரம் தொகுக்கும் வேலையையும் பரிந்துரை எழுதும் வேலையையும் ஒரே குழுவிடம் கொடுக்காதீர்கள். அங்கே ஆதாரங்களைத் தொகுத்தது சாபியா, அதாவது ஐரோப்பிய அகாடமி வலையமைப்புகளின் கூட்டணி. அதில் முன்னின்று செய்தது ஐரோப்பிய மருத்துவ அகாடமிகளின் கூட்டமைப்பு. அதை வைத்துப் பரிந்துரை எழுதியது தலைமை அறிவியல் ஆலோசகர்கள் என்ற தனிக் குழு. இரண்டும் 2022 மார்ச்சில் வெளிவந்தன. அதே வருடம் டிசம்பரில், உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் கூடும் ஒன்றியத்தின் கவுன்சில் புதிய பரிந்துரையை ஏற்றது. நுரையீரல், புராஸ்டேட், இரைப்பை மூன்றும் சேர்ந்தன, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல: நுரையீரலுக்கு அதிகம் புகைபிடித்தவர்கள், இரைப்பைக்கு அந்தப் புற்றுநோய் அதிகமுள்ள பகுதிகள் என்று வரம்பு கட்டி, முதலில் சிறிய அளவில் சோதித்துப் பார்த்துப் படிப்படியாக.

கருத்து வேறுபாடு வந்தால் மழுப்பாதீர்கள். எங்கே ஆதாரம் வலுவாக இருக்கிறது, எங்கே ஆட்டம் காண்கிறது என்று அப்படியே எழுதி, குழுவுக்கு வெளியே உள்ளவர்களிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

சரி, அறிக்கை வந்தாயிற்று. அப்புறம்? கவுன்சிலின் பரிந்துரை எந்த நாட்டையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது, ஸ்கிரீனிங்கை நடத்துவது அந்தந்த நாடுதான். அதனால் ஒவ்வொரு அகாடமியும் சொந்த மொழியில் இரண்டு பக்கச் சுருக்கம் எழுதி, யாரை அழைப்பது, ஸ்கேனைப் படிக்க ரேடியாலஜிஸ்ட் இருக்கிறார்களா, செலவு யாருடையது என்ற கேள்விகளோடு தன் நாட்டு சுகாதார அமைச்சகத்துக்கு நேரில் போக வேண்டும்.