அயோவா இரவின் எண்களைப் படிப்பதும் அவற்றை வைத்து மதத்தைப் பற்றி வாதிடுவதும் எப்படி

அமெரிக்காவில் அதிபர் தேர்தல் நடக்கும் ஆண்டின் தொடக்கத்தில், கட்சிகள் தங்கள் அதிபர் வேட்பாளரைத் தெரிவு செய்யும் போட்டியில் அயோவா மாநிலத்தின் முதல் எண்கள் திரையில் ஏறிய சிறிது நேரத்திற்குள்ளாகவே, மதம்தான் வென்றது என்று ஒரு தரப்பும் மதத்தை இதில் இழுக்காதீர்கள் என்று மறுதரப்பும் வாதிடத் தொடங்கிவிடுகின்றன. இந்த வாதம் வீண் என்று நான் கருதவில்லை. ஒரு குடியரசின் வாக்காளர்கள் பேசித் தீர்க்க வேண்டிய பொருள்களில் இது முக்கியமானது. ஆனால் இதில் இரண்டு வழக்குகள் ஒரே கட்டாகக் கட்டப்பட்டுவிடுகின்றன. வாக்களித்தவர்கள் உண்மையில் என்ன செய்தார்கள் என்பது ஒரு வழக்கு. வேட்பாளரின் சமயத்தை வாக்காளர் எந்த அளவுக்குக் கணக்கில் எடுக்கலாம் என்பது மற்றொரு வழக்கு. முதலாவதைத் தீர்க்க ஒரு தாளும் பேனாவும் போதும் என்பதால், முதலில் அதை முடித்துவிட்டு இரண்டாவதற்குச் செல்லுங்கள்.

தாளின் தலைப்பில், நீங்கள் பார்ப்பது எந்த வகைப் போட்டி என்பதை எழுதிக்கொள்ளுங்கள். அயோவாவில் நடப்பது காக்கஸ். குளிர்கால இரவில், குறித்த நேரத்தில், பள்ளிக்கூடத்திலோ தேவாலயத்திலோ ஊர்ப் பொதுக்கூடத்திலோ கட்சிக்காரர்கள் நேரில் கூடி, பேச்சுகளைக் கேட்டு, பிறகு தெரிவு செய்கிறார்கள். குடியரசுக் கட்சியினர் சீட்டில் எழுதிப் போடுவார்கள். சனநாயகக் கட்சியினர் 2020 வரை கூடத்திலேயே வேட்பாளர்வாரியாகப் பிரிந்து நின்றார்கள், 15 விழுக்காடு சேராத அணியினர் பொதுவாக வேறு அணிக்கு மாற வேண்டியிருந்தது. நியூ ஹாம்ப்ஷயரில் நடப்பது பிரைமரி. அங்கு நாள் முழுவதும் இரகசிய வாக்கெடுப்பு நடக்கும். எந்தக் கட்சியிலும் பதிவு செய்யாதவரும் ஏதேனும் ஒரு கட்சியின் வாக்குச்சீட்டைக் கேட்டு வாங்கலாம். 2008 சனவரி 3 அன்று அயோவாவின் குடியரசுக் கட்சிக் கூடங்களுக்கு வந்தவர்கள் ஏறத்தாழ 1,20,000 பேர். அந்த மாநிலத்தின் மக்கள்தொகையோ சுமார் 30 லட்சம். குளிரில் வீட்டை விட்டு இறங்கி ஓர் இரவைக் கட்சிக்காகச் செலவிட முன்வந்தவர்களின் எண்ணம்தான் உங்கள் முன் இருக்கிறது. வாரந்தோறும் சபையாகக் கூடிப் பழகியவர்களுக்கு இப்படி ஓர் அழைப்பின்பேரில் திரள்வது எளிது என்பதை மனத்தில் கொள்ளுங்கள்.

இனிக் கணக்கு. 2008 அயோவாவை மாதிரியாக எடுத்துக்கொள்வோம், ஏனெனில் இந்த விவாதத்தின் எல்லாக் கூறுகளும் அதில் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. முன்னாள் ஆர்கன்சா ஆளுநரும் பாப்டிஸ்ட் சபைப் போதகருமான மைக் ஹக்கபி 34 விழுக்காடும், முன்னாள் மாசசூசெட்ஸ் ஆளுநரும், பல கிறிஸ்தவச் சபைகள் கிறிஸ்தவமாக ஏற்காத மார்மன் சமயத்தவருமான மிட் ராம்னி 25 விழுக்காடும் பெற்றார்கள். கூடத்திற்குள் நுழைந்தவர்களிடம் எடுத்த கணிப்பின்படி, வந்தவர்களில் 60 விழுக்காட்டினர் தங்களை எவாஞ்சலிக்கல் அல்லது மறுபிறப்படைந்த கிறிஸ்தவர், அதாவது விவிலியத்தையும் தனிப்பட்ட மனமாற்றத்தையும் முதன்மையாகக் கொள்ளும் கிறிஸ்தவர், என்று சொன்னவர்கள். அவர்களிடையே ஹக்கபிக்கு 46, ராம்னிக்கு 19. மற்றவர்களிடையே ஹக்கபிக்கு 14, ராம்னிக்கு 33.

இப்போது பெருக்கிப் பாருங்கள். 60 பேரில் 46 விழுக்காடு என்றால் 27.6, மீதமுள்ள 40 பேரில் 14 விழுக்காடு என்றால் 5.6, கூட்டினால் 33.2. உண்மையான முடிவுக்கு மிக அருகில் வந்துவிட்டோம் என்பதால், கணிப்பை நம்பிப் பேசலாம் என்பது உறுதியாகிறது. ராம்னிக்கு அதே வழியில் 11.4, 13.2 ஆகியவற்றைக் கூட்டினால் 24.6 வருகிறது. ஹக்கபி வாங்கிய ஒவ்வொரு ஆறு வாக்குகளில் ஏறத்தாழ ஐந்து, எவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்களிடமிருந்து வந்தவை என்பதைத் தாள் காட்டுகிறது. அதே தாள் இன்னொன்றையும் காட்டுகிறது: அந்தக் கிறிஸ்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் போதகருக்கு வாக்களிக்கவில்லை, ஐவரில் ஒருவருக்குச் சற்றுக் குறைவானவர்கள் மார்மன் சமயத்தவருக்கே போட்டிருக்கிறார்கள். எவாஞ்சலிக்கல் வாக்கு மொத்தமாக ஒரு பக்கம் சாய்ந்தது என்று யாராவது சொன்னால், இந்த வரியை எடுத்துக் காட்டுங்கள்.

கணக்கு இத்துடன் முடியவில்லை, அடுத்த மாநிலத்திற்கு அதை எடுத்துச் செல்ல வேண்டும். இந்தப் படியைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். ஐந்து நாள் கழித்து நடந்த நியூ ஹாம்ப்ஷயர் பிரைமரியில், குடியரசுக் கட்சிக்கு வாக்களித்தவர்களில் எவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்கள் ஏறத்தாழ கால்பங்கினர்தான். அயோவாவின் விகிதங்கள் அப்படியே இருந்து, கூட்டத்தின் சேர்க்கை மட்டும் மாறியிருந்தால், ஹக்கபிக்கு 25 பேரில் 46 விழுக்காடாக 11.5, 75 பேரில் 14 விழுக்காடாக 10.5, ஆக 22 விழுக்காடு கிடைத்திருக்க வேண்டும். கிடைத்ததோ சுமார் 11. அதே கட்சியின் மற்றொரு போட்டியாளரான ஜான் மெக்கெய்ன் 37 விழுக்காட்டுடன் வென்றார். ஆகவே எவாஞ்சலிக்கல் வாக்காளர்கள் குறைவாக இருந்தார்கள் என்பது சரிவில் ஒரு பாதியைத்தான் விளக்குகிறது. மறுபாதி, இரண்டு மாநிலங்களிலும் ஒரே பெயரால் குறிக்கப்படும் மக்கள் ஒரே மாதிரி வாக்களிக்கவில்லை என்பதால் வந்தது. அதன்பின் சனவரி 19 அன்று தென் கரோலைனாவில், அயோவாவைப் போலவே எவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்கள் பாதிக்கும் மேலாக இருந்தும், மெக்கெய்ன் 33க்கு 30 என்ற கணக்கில் ஹக்கபியை முந்தினார். மூன்று மாநிலங்களையும் அடுத்தடுத்து எழுதிப் பார்க்கும்போதுதான், மதம் எங்கே வேலை செய்தது, எங்கே வேட்பாளரும் களமும் வேலை செய்தன என்பது பிரிந்து தெரியும். 1988இல் தொலைக்காட்சிப் போதகர் பேட் ராபர்ட்சன் அயோவாவில் இரண்டாம் இடம் பிடித்து, அடுத்த வாரமே நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாம் இடத்திற்குச் சென்றதையும் இதே முறையில் படிக்கலாம்.

எவாஞ்சலிக்கல் என்ற சொல்லிலேயே ஓர் எச்சரிக்கை தேவை. அது வாக்காளர் தன்னைப் பற்றித் தானே தரும் விடை. எந்தச் சபை, எத்தனை முறை ஆராதனைக்குச் செல்கிறார் என்பவற்றை அது அளப்பதில்லை. 2016இல் போதகரின் மகனான டெட் குரூஸ் அயோவாவை வென்றபோது, இவ்வாக்காளர்கள் சமயப்பற்றைத்தான் பார்க்கிறார்கள் என்று முடிவு கட்டியவர்கள் பலர். மூன்று வாரத்திற்குள் தென் கரோலைனாவில் அதே பெயர் கொண்ட வாக்காளர்களிடையே டோனல்ட் டிரம்ப் முதலிடம் பெற்றார். அதோடு, கேள்வி யாரிடம் கேட்கப்பட்டது என்பதையும் பாருங்கள். 2008 அயோவாவில் எவாஞ்சலிக்கல் கேள்வி குடியரசுக் கட்சியினரிடம் கேட்கப்பட்டது, சனநாயகக் கட்சியினரிடம் கேட்கப்படவில்லை. கேட்காத கேள்விக்கு விடை இராது. விடை இல்லாததால் அந்தப் பக்கம் சமயமே இல்லை என்ற தோற்றம் உருவாகிறது. தென் கரோலைனாவின் சனநாயகக் கட்சி பிரைமரியில் வாக்களிப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் கறுப்பின மக்களாக இருந்திருக்கிறார்கள். அவர்களது அரசியல் வாழ்வில் தேவாலயத்துக்கு ஆழமான இடம் உண்டு. ஆனால் அவர்களது வாக்கு இன வாக்கு என்று மட்டுமே எழுதப்படுகிறது. இது எனக்கு நெடுநாளாக உறுத்தும் அநீதி.

முதல் இரவின் எண்ணைப் பென்சிலால் மட்டும் எழுதுங்கள். 2012 சனவரி 3 இரவு அயோவாவில் ராம்னி 8 வாக்குகளில் வென்றதாக அறிவிக்கப்பட்டது. இரண்டு வாரம் கழித்துச் சரிபார்த்த கணக்கில், கத்தோலிக்கரான ரிக் சாண்டோரம் 34 வாக்குகள் முன்னே இருந்தார், எட்டு வாக்குச்சாவடிகளின் கணக்கு கிடைக்கவேயில்லை. அதற்குள் நியூ ஹாம்ப்ஷயர் முடிந்து, இரண்டையும் வென்றவர் ராம்னி என்ற செய்தி ஊரெங்கும் பரவிவிட்டது. அதே காக்கஸில் 21 விழுக்காட்டுடன் மூன்றாவதாக வந்த ரான் பால், கட்சியின் அடுத்தடுத்த மாநாடுகளில் தம் ஆதரவாளர்கள் விடாமல் கலந்துகொண்டதால், இறுதியில், வேட்பாளரை முறைப்படி தெரிவு செய்யும் தேசிய மாநாட்டில் அயோவாவின் 28 பிரதிநிதிகளில் 22 பேரின் வாக்கைப் பெற்றார். காக்கஸ் இரவின் வாக்கு அப்போது பிரதிநிதிகளைக் கட்டுப்படுத்தவில்லை. 2016 முதல் அது மாறியது. ஆகவே, வென்றவர் யார் என்று கேட்கும் முன், பிரதிநிதிகளை எந்த விதிப்படி பகிர்கிறார்கள் என்பதைப் பார்த்துவிடுங்கள்.

இப்போது இரண்டாவது வழக்கு. வேட்பாளரின் மதத்தைப் பார்ப்பது அரசியல் சட்டத்திற்கே விரோதம் என்று ஒருவர் சொல்வார். அமெரிக்க அரசியல் சட்டத்தின் ஆறாம் பிரிவு, எந்த அரசுப் பதவிக்கும் சமயச் சோதனை தகுதியாக வைக்கப்படக் கூடாது என்கிறது. அந்தத் தடை அரசுக்கு உரியது. வாக்குச்சாவடியில் நிற்கும் தனிமனிதரின் மனத்தை அது கட்டுப்படுத்துவதில்லை. ஆகவே சட்டத்தைக் காட்டி எதிராளியின் வாயை அடைக்காதீர்கள். அதே சமயம், சட்டம் தடுக்கவில்லை என்பதாலேயே ஒன்று நியாயமாகிவிடாது என்பதையும் மறுதரப்பு ஏற்க வேண்டும். சட்டம் இங்கே ஒதுங்கி நிற்பதால், வாக்காளர்கள் தங்களுக்குள் பேசித்தான் இதைத் தீர்க்க வேண்டியிருக்கிறது.

எப்படிப் பேசுவது என்பதற்கு, கத்தோலிக்கரான ஜான் கென்னடி அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட 1960ஆம் ஆண்டு நல்ல பாடம். ஏப்ரல் 5 அன்று விஸ்கான்சின் பிரைமரியில் அவர் தம் கட்சிப் போட்டியாளரான ஹியூபர்ட் ஹம்ஃப்ரியை வென்றார். ஆனால் கத்தோலிக்கர்கள் நிறைந்த தொகுதிகளால் கிடைத்த வெற்றி என்று அது தள்ளுபடி செய்யப்பட்டது. கத்தோலிக்கர் மிகச் சிலரே வாழும் மேற்கு வர்ஜீனியாவில் மே 10 அன்று அவர் சுமார் 61 விழுக்காடு பெற்ற பிறகுதான், ஹம்ஃப்ரி போட்டியிலிருந்து விலகினார். மதத்தைப் பற்றிய ஐயத்திற்கு இன்னொரு மாநிலத்தின் எண் விடையளித்தது என்பதால்தான், மேலே சொன்ன மாநிலம் மாற்றிப் பார்க்கும் முறையை நான் இவ்வளவு வலியுறுத்துகிறேன். வேட்பாளரான பிறகு, செப்டம்பர் 12 அன்று ஹூஸ்டனில் புராட்டஸ்டன்ட் போதகர்கள் முன் நின்று, திருச்சபைக்கும் அரசுக்கும் இடையே முழுமையான பிரிவை நம்புவதாகக் கென்னடி சொன்னார். 2007 டிசம்பர் 6 அன்று அதே டெக்சாஸ் மாநிலத்தில் பேசிய ராம்னி, தம் சபைத் தலைவர்கள் அதிபர் முடிவுகளில் தலையிட மாட்டார்கள் என்பதில் கென்னடியோடு ஒத்துப்போனார்; ஆனால் சுதந்திரத்திற்குச் சமயம் தேவை என்று சேர்த்துக்கொண்டார், மார்மன் என்ற சொல்லை ஒரே ஒரு முறைதான் உச்சரித்தார். இந்த இரண்டு பேச்சுகளையும் அருகருகே வைத்துப் படித்துவிட்டு விவாதத்திற்கு வந்தால், எதை எதிர்க்கிறோம், எதை ஏற்கிறோம் என்று துல்லியமாகச் சொல்ல வரும். சமயம் இல்லாதவருக்கு அந்தச் சுதந்திரத்தில் என்ன இடம் என்ற கேள்வி ராம்னியின் பேச்சுக்குப் பொருந்தும், கென்னடியின் பேச்சுக்குப் பொருந்தாது.

எந்தக் கேள்வியைக் கேட்கலாம் என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல், ஒரே மனிதர் சொன்ன இரண்டு வாக்கியங்களிலிருந்து வந்தது. 2007 டிசம்பரில், இயேசுவும் சாத்தானும் சகோதரர்கள் என்று மார்மன்கள் நம்புகிறார்கள் அல்லவா என்று ஒரு பத்திரிகையாளரிடம் ஹக்கபி கேட்டார். பிறகு ராம்னியிடம் நேரில் மன்னிப்புக் கேட்டார். அந்தக் கேள்விக்கு ராம்னி என்ன விடை சொல்லியிருந்தாலும், வரியோ போரோ நீதிபதி நியமனமோ எள்ளளவும் மாறியிருக்காது. அடுத்த மாதம் மிச்சிகனில், அரசியல் சட்டத்தைக் கடவுளின் நெறிக்கு ஏற்பத் திருத்த வேண்டும் என்று ஹக்கபி பேசினார். இது அரசின் சட்டத்தைப் பற்றிய முன்மொழிவு. யாருடைய கடவுளின் நெறி, யார் அதைப் பொருள்கொள்வது, உடன்படாத குடிமகனின் கதி என்ன என்று இதைக் குறுக்கு விசாரணை செய்வது வாக்காளரின் உரிமை மட்டுமல்ல, கடமையும் ஆகும். இதைக் கேட்பவர்களை மத எதிரிகள் என்று ஒதுக்குவது தவறு. முதல் வகைக் கேள்வியைக் கேட்பவர்களை நான் உறுதியாக எதிர்ப்பேன்.

தமிழ் வாசகர்களுக்கு இந்த அளவுகோல் நெருக்கமாக வந்த நேரம் 2023 டிசம்பர். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த விவேக் ராமசாமியிடம், அயோவாவில் நடந்த தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஒரு வாக்காளர், நாட்டை நிறுவியவர்களின் சமயம் உங்களுடையதல்ல என்பதால் நீங்கள் அதிபராக முடியாது என்பவர்களுக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டார். தாம் இந்து என்பதை மறைக்கப் போவதில்லை என்று ராமசாமி விடை சொன்னார். 2024 சனவரி 15 காக்கஸில் அவர் 7.7 விழுக்காட்டுடன் நான்காவதாக வந்து அன்றிரவே விலகினார்; டிரம்ப் 51 விழுக்காடு பெற்றிருந்தார். அவர் இந்து என்பதால் தோற்றார் என்று நம்மில் பலர் உடனே சொன்னோம், அதில் ஒரு மனவேதனையும் இருந்தது. ஆனால் தாளை எடுத்துப் பாருங்கள். அந்தக் களத்தில் பாதி வாக்கை ஒருவரே கொண்டுபோயிருக்கிறார். கிறிஸ்தவர்களான ரான் டிசான்டிஸும் நிக்கி ஹேலியும் ஆளுக்கு ஐந்தில் ஒரு பங்கு அளவில் நின்றுவிட்டார்கள். ராமசாமியோ அதற்கு முன் எந்தப் பதவிக்கும் தேர்ந்தெடுக்கப்படாதவர். மதம் எத்தனை வாக்கைக் குறைத்தது என்று பிரித்துக் காட்டும் வரி இந்த எண்களில் இல்லை. அந்தக் கட்டத்தைத் தாளில் வெற்றிடமாகவே விட்டுவிட்டு, அந்த வாக்காளர் கேட்ட கேள்வி நியாயமானதா என்பதைத் தனியே விவாதியுங்கள்.