நாலில் மட்டும் ஓடிய ஏசி

என் பழைய காரில் ஏசி காற்று திடீரென நாலாம் நம்பரில், அதாவது முழு வேகத்தில் மட்டும் வந்தது. 1, 2, 3-இல் மூச்சே இல்லை. ஃபியூஸ் நன்றாக இருந்தது. மெக்கானிக் கேஸ் நிரப்பச் சொன்னார், வீண் செலவு. அப்புறம் டேஷ்போர்டைப் பிரித்து, திருகும் சுவிட்சையே மாற்றினேன். நாலு நாள் போனதுதான் மிச்சம்.

நாலில் மட்டும் ஓடுவதே துப்பு என்று பிறகுதான் உறைத்தது. மற்ற வேகங்களில் மின்சாரத்தைக் குறைத்து அனுப்புவது ரெசிஸ்டர். நாலாம் வேகத்தில் மின்சாரம் அதைத் தொடாமல் நேராக மோட்டாருக்குப் போகும். க்ளவ் பாக்ஸைக் கழற்றி, காற்றை ஊதும் ப்ளோயர் பக்கத்தில் இருந்த ரெசிஸ்டரை உருவினேன். அதிலிருந்த, சூடு மிஞ்சினால் அறுந்துபோகும் வெப்ப ஃபியூஸ் அறுந்திருந்தது. ரெசிஸ்டரைச் செருகும் சாக்கெட்டில் ஒரு துளை மட்டும் பழுப்பேறி இளகியிருந்தது. இதை விட்டுவிட்டு ரெசிஸ்டரை மட்டும் மாற்றினால் மறுபடி கருகும். இரண்டையும் மாற்றினேன். ப்ளோயர் சக்கரத்தில் சிக்கியிருந்த ஒரு பிடி வேப்பஞ்சருகையும் எடுத்தேன். மோட்டார் திணறி, ரெசிஸ்டர் சூடானது அதனால்தான். இப்போது ஒன்றாம் நம்பரிலும் காற்று வருகிறது. அப்பாடா!