தோல் கழலை நோய்: நாம் பிந்துகிற இடங்கள்

மாட்டின் உடம்பில் கட்டியைப் பார்த்த நாளைத்தான் நோய் வந்த நாள் என்று எல்லோரும் கணக்கு வைக்கிறோம். தோல் கழலை நோய் விஷயத்தில் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் இந்தக் கணக்கிலிருந்துதான் கிளம்புகின்றன. கட்டி கண்ணில் படும்போது வைரஸ் அந்த உடம்புக்குள் நுழைந்து ஒரு வாரம் ஆகியிருக்கலாம், நான்கு வாரமும் ஆகியிருக்கலாம். அதே போல, கட்டி காய்ந்து மாடு தீனி எடுக்க ஆரம்பித்த பிறகும் தொழுவத்தில் வைரஸ் உயிரோடு கிடக்கும். நாம் தொடக்கத்தில் பிந்திவிடுகிறோம், முடிவில் முந்திவிடுகிறோம்.

அம்மை, பெரியம்மை, லம்பி என்று பல பெயரில் சொன்னாலும் நோய் ஒன்றுதான். ஆட்டம்மையை உண்டாக்கும் வைரஸின் நெருங்கிய உறவு இது. மனிதருக்கு ஒட்டாது. 1929இல் சாம்பியாவில் முதன்முதலாகக் கண்டபோது மாடுகள் ஏதோ விஷச் செடியைத் தின்றுவிட்டன என்று நினைத்தார்கள். பிறகு பூச்சிக்கடி ஒவ்வாமை என்றார்கள். இது தொற்று நோய் என்று உறுதியானது 1940களில்தான். அதற்குள் தென்னாப்பிரிக்கா வரை மந்தை மந்தையாகப் பிடித்துவிட்டது. இந்தியாவுக்கு 2019இல் ஒடிசா வழியாக வந்தது. 2022இல் மட்டும் நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகள் செத்தன. அந்த நோயைக் கட்டுப்படுத்துவதில் இன்றும் திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கட்டிக்காகக் காத்திருப்பது

முதலில் வருவது காய்ச்சல். 41 டிகிரி செல்சியஸ் வரைகூட ஏறும். கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும். பால் திடீரென்று குறையும். தோள்பட்டைக்கு முன்னால் நெறி கட்டும். கையை வைத்தால் கோழிமுட்டை போல உருளும். கட்டி அதற்கு அப்புறம்தான் வரும், அதுவும் சட்டென்று, ஓரிரு நாளில் உடம்பு முழுக்க. எனவே பால் குறைந்த அன்றைக்கே தீவனத்தைக் குறை சொல்லிவிட்டு விடாமல், காய்ச்சல் பார்க்க வேண்டும். பக்கத்தில் எங்காவது நோய் இருப்பதாகக் காதில் விழுந்துவிட்டால், தினமும் காலையில் வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் ஒவ்வொரு மாட்டையும் பக்கவாட்டில் நின்று பாருங்கள். கட்டி கிளம்பும் இடத்தில் மயிர் குத்திட்டு நிற்கும். கழுத்திலிருந்து விலா வரை உள்ளங்கையால் தடவினால் கண்ணுக்குத் தெரியாததும் கைக்குத் தட்டுப்படும். 2 முதல் 5 சென்டிமீட்டர் அளவில், கெட்டியாக, வட்டமாக இருக்கும். தோலைப் பிடித்து அசைத்தால் கட்டியும் தோலோடு சேர்ந்து அசையும், ஏனென்றால் அது தோலின் முழு ஆழத்துக்கும் இறங்கியிருக்கிறது. பூச்சி கடித்துத் தடித்த தடிப்பு அப்படி இருக்காது. அது மேலோட்டமாக இருக்கும், ஓரிரு நாளில் வற்றியும் போகும்.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். தொற்று ஏறிய எல்லா மாட்டுக்கும் கட்டி வருவதில்லை. ஆய்வுக்கூடத்தில் வேண்டுமென்றே தொற்று ஏற்றிப் பார்த்த மாடுகளில் கிட்டத்தட்ட பாதிக்குக் கட்டியே வரவில்லை, ஆனால் ரத்தத்தில் வைரஸ் இருந்தது. இந்த மாதிரி மாட்டிடமிருந்து பரவுவது கட்டி வந்த மாட்டைவிடக் குறைவு. குறைவு என்பதற்காக அது இல்லை என்று ஆகிவிடாது.

நல்ல மாட்டை விற்றுவிடுவது

இது எனக்கு மிகவும் வேதனை தரும் தவறு. பத்து மாட்டில் ஒன்றுக்குக் கட்டி வந்ததும், மிச்சம் ஒன்பதையாவது காப்பாற்றலாம் என்று அவசரமாகச் சந்தைக்கு ஓட்டுகிறார்கள், அல்லது உறவினர் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். பயத்தில் செய்வதுதான், புரிகிறது. ஆனால் அந்த ஒன்பதில் எத்தனை உள்ளே சுமந்துகொண்டிருக்கின்றன என்று யாருக்கும் தெரியாது. ஈ தானாகப் பறந்து நோயைக் கொண்டுபோனால் மெதுவாக, ஊர் ஊராகத்தான் நகரும். லாரியில் ஏறிய மாடு ஒரே ராத்திரியில் பல நூறு கிலோமீட்டர் கடந்துவிடும். இந்த நோய் நடுவில் உள்ள ஊர்களை விட்டுவிட்டுத் தொலைவில் திடீரென்று முளைப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஒரு மாட்டுக்கு வந்தாலும் அந்த மந்தை முழுவதும் சந்தேகத்துக்குரியதுதான். எதுவும் வெளியே போகக்கூடாது, புதிதாக எதுவும் உள்ளே வரக்கூடாது. நோய் முழுவதும் அடங்கும் வரைக்கும் பொது மேய்ச்சலும் பொதுத் தண்ணீர்த் தொட்டியும் வேண்டாம். கால்நடை மருத்துவருக்கு அன்றைக்கே தகவல் சொல்லிவிட வேண்டும். மறைத்தால் பக்கத்துத் தொழுவத்துக்காரருக்குத் தடுப்பூசி போட்டுக்கொள்ளக் கிடைத்திருக்கும் நாட்கள் வீணாகின்றன.

பத்தடி தள்ளிக் கட்டிவிட்டு நிம்மதியாவது

தனிமைப்படுத்துவது என்றால் பலருக்கும் அதே கொட்டகையின் அடுத்த மூலையில் கட்டுவதுதான். இது மூச்சுக்காற்றில் அதிகமாகப் பரவும் நோயாக இருந்தாலாவது கொஞ்சம் பலன் இருந்திருக்கும். இதைச் சுமப்பவை கடிக்கும் ஈ, கொசு, உண்ணி. கயிறும் தடுப்புச் சுவரும் அவற்றுக்கு ஒரு பொருட்டே இல்லை.

மாட்டு ஈ என்று பொதுவாகச் சொன்னாலும், ரத்தம் குடிக்கும் ஈயைத் தனியாக அடையாளம் தெரிந்துகொள்வது நல்லது. பார்க்க வீட்டு ஈ போலவே இருக்கும். ஆனால் வாயிலிருந்து ஊசி போன்ற ஒரு குழல் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் மாட்டின் கால்களில்தான் உட்காரும். மாடு நின்ற இடத்திலேயே முன்னங்காலைத் தரையில் அடித்துக்கொண்டே இருந்தால் இந்த ஈ இருக்கிறது என்று அர்த்தம். கடி வலிக்கும் என்பதால் மாடு காலை உதறும், ஈ பாதிக் குடியில் எழுந்து பக்கத்து மாட்டின் காலில் போய் மிச்சத்தைக் குடிக்கும். அந்த ஒரு உதறலில்தான் வைரஸ் ஒரு மாட்டிலிருந்து இன்னொரு மாட்டுக்கு மாறுகிறது. ஈயின் வயிற்றுக்குள் அது பெருக வேண்டிய தேவையே இல்லை. குழலில் ஒட்டிக்கொண்டு போனாலே போதும்.

ஆகவே நோயுற்ற மாட்டை வேறு கொட்டகைக்கு மாற்றுங்கள், முடிந்தவரை தூரமாக. அதற்குக் கொசுவலை கட்டுங்கள். நல்ல மாட்டுக்கு வலை கட்டிவிட்டு நோயுற்றதைத் திறந்த வெளியில் விடுகிறார்கள். ஒரே ஒரு வலைதான் இருக்கிறது என்றால் அது நோயுற்ற மாட்டுக்கே போக வேண்டும். புகை போடுவது புகை இருக்கும் நேரத்துக்கு மட்டும் உதவும். ஈ பிறக்கும் இடத்தில் கை வைக்காமல் எவ்வளவு புகைத்தும் பலனில்லை. சாணமும் மூத்திரமும் கலந்து நனைந்த வைக்கோல்தான் இந்த ஈ முட்டையிட விரும்பும் இடம். வெயில் காலத்தில் முட்டையிலிருந்து ஈ ஆக ஏறக்குறைய மூன்று வாரம்தான். தீவனத் தொட்டியின் அடியில் அழுகும் மிச்சம், கொட்டகை ஓரத்து ஈரக் கூளம் இவற்றை வாரம் ஒருமுறையாவது வாரி, பரப்பிக் காயவிட்டால் புழு ஈயாவதற்கு முன்பே போய்விடும். தேங்கிய தண்ணீரையும் அதே நாளில் கொட்டிவிடலாம். மாட்டின் மேல் மருந்து தெளிப்பதாக இருந்தால் மருத்துவர் சொன்ன அளவில் மட்டும், அதுவும் புண்ணில் படாமல். கறவை மாடாக இருந்தால் எத்தனை நாள் பாலை எடுக்கக்கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கைகளை மறப்பது

ஈயைத் துரத்திவிட்டு, அந்த வேலையை நாமே செய்கிறோம். நோயுற்ற மாட்டைக் கறந்த கையோடு அடுத்த மாட்டின் மடியில் கை வைக்கிறோம். ஒரே வாளி, ஒரே கயிறு, ஒரே தண்ணீர்த் தொட்டி. ஆள் பற்றாக்குறை இருக்கும், புரிகிறது. அப்படியானால் வரிசையையாவது மாற்றலாம்: முதலில் நல்ல மாடுகள், கடைசியில் நோயுற்றது, அப்புறம் சோப்புப் போட்டுக் கை கால் கழுவி உடை மாற்றுவது.

இதிலும் பெரிய தவறு ஊசி. ஒரே ஊசியால் வரிசையாகப் பத்து மாட்டுக்குப் போடுவதைப் பார்த்தும் யாரும் தடுப்பதில்லை. ஈயின் குழல் செய்யும் வேலையைத்தானே அந்த ஊசி முனையும் செய்கிறது, அதுவும் இன்னும் ஆழமாக. தடுப்பூசி போட வந்தவர்களிடமும் தயங்காமல் சொல்லுங்கள்: மாட்டுக்கு ஒரு ஊசி.

தடுப்பூசியில் நடப்பவை

தடுப்பூசி போட்ட மறுநாளே மாடு பத்திரம் என்று நினைத்துச் சந்தைக்கு ஓட்டுவது முதல் தவறு. எதிர்ப்பு முழுமையாக வர ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். அந்த மூன்று வாரத்துக்குள் நோய் வந்தால் ஊசியால்தான் வந்தது என்று பழி போடுகிறார்கள். பெரும்பாலும் ஏற்கெனவே உள்ளே இருந்தது வெளியே தெரிந்திருக்கும், அல்லது எதிர்ப்பு வருவதற்குள் தொற்றியிருக்கும். இதனால்தான் நோய் பக்கத்தில் வருவதற்கு முன்பே போட வேண்டும் என்று அடித்துச் சொல்கிறேன். காய்ச்சலில் இருக்கும் மாட்டுக்குப் போடக்கூடாது.

ஆட்டம்மை ஊசியை மாட்டுக்கு ஏன் போடுகிறார்கள் என்று பலரும் கேட்கிறார்கள். இரண்டு வைரஸும் நெருங்கிய உறவு என்பதால் ஒன்றுக்கான ஊசி மற்றதிலிருந்தும் பாதுகாப்புத் தருகிறது. இந்தியாவில் அதைத்தான் பரவலாகப் போட்டார்கள். இந்த நோய்க்கென்றே உருவாக்கிய லம்பி-புரோவேக்-இண்ட் தடுப்பூசியும் 2022இல் அறிமுகமானது.

இவை உயிருள்ள, வீரியம் குறைத்த வைரஸைக் கொண்டவை. வெயிலில் வைத்துவிட்டால் உயிர் போய்விடும், அப்புறம் போடுவது வெறும் தண்ணீர். குளிர்பெட்டியில் வந்ததா, கரைத்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேளுங்கள். கரைத்த மருந்தைச் சீக்கிரம் தீர்த்துவிட வேண்டும். காலையில் கரைத்ததை மாலை வரை வைத்துப் போடுவது வீண். மருந்து எல்லா மாட்டுக்கும் வரட்டும் என்று அளவைக் குறைத்துப் பங்கு போடுவதும் அப்படித்தான். போட்ட இடத்தில் சின்ன வீக்கமும் ஓரிரு நாள் காய்ச்சலும் லேசான பால் குறைவும் வந்தால் பயப்பட வேண்டாம். ஆண்டுக்கொரு முறை திரும்பப் போட வேண்டும். கன்றுக்கு எந்த வயதில் என்பது தாய்ப்பசுவைப் பொறுத்தது. ஊசி போடாத, நோய் வராத தாயின் கன்றுக்குச் சீக்கிரமே போடலாம். மற்றவற்றுக்குச் சீம்பாலில் வந்த எதிர்ப்பு குறையும் வரை சில மாதம் பொறுக்க வேண்டும்.

ஊர் முழுக்கப் போட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தென்கிழக்கு ஐரோப்பாவில் உள்ள பால்கன் நாடுகளைப் பார்க்கலாம். 2016இல் ஏழாயிரத்தைத் தாண்டிய நோய்ப் பதிவுகள், பெரும் அளவில் தடுப்பூசி போட்ட பிறகு 2017இல் சில நூறாக இறங்கின.

வைத்தியம் பார்ப்பதையே தடுப்பு என்று நினைப்பது

இந்த வைரஸைக் கொல்லும் மருந்து கிடையாது. ஆன்டிபயாடிக் போடுவது புண்ணில் சேரும் கிருமிக்காகவும் நுரையீரல் தொற்றுக்காகவும்தான். அது பரவலைத் துளியும் நிறுத்தாது. கட்டியைக் கீறிவிடுவதும் பிதுக்குவதும் மண்ணெண்ணெய் தடவுவதும் புண்ணைப் பெரிதாக்கி ஈயைத்தான் கூப்பிடும். புண்ணைச் சுத்தமாக வைத்து ஈ உட்காராமல் மருந்திடுங்கள். வாயிலும் புண் இருப்பதால் மென்மையான தீனியும் தண்ணீரும் அருகிலேயே இருக்கட்டும். பெரும்பாலான மாடுகள் பிழைத்துக்கொள்ளும். சாவு பொதுவாக 1 முதல் 5 சதவீதம்தான், சில இடங்களில் அதைவிட அதிகம். கன்றுகளுக்குத்தான் ஆபத்து கூடுதல். காம்பில் புண் உள்ள தாயிடம் கன்றை ஊட்ட விடக்கூடாது. வேறு பசுவின் பாலையோ, காய்ச்சி ஆறவைத்த பாலையோ கொடுக்கலாம்.

சீக்கிரமே முடிந்தது என்று சொல்லிவிடுவது

காய்ந்து உதிரும் பொருக்கு வெறும் குப்பையாகத்தான் தெரியும். ஆனால் அதில் வைரஸ் 35 நாள் வரை உயிரோடு இருக்கும். சூரிய வெளிச்சம் அதைக் கொல்லும், இருட்டான கொட்டகையோ மாதக்கணக்கில் காப்பாற்றும். அதனால் கூரை ஓரம் வரை வெளிச்சம் விழும்படி திறந்துவிடுங்கள். பொருக்கைக் கூட்டி எரித்துவிடுங்கள். கிருமிநாசினியைச் சாணத்தின் மேலேயே ஊற்றினால் வேலை செய்யாது. முதலில் சுரண்டி, சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, ஈரம் வடிந்த பிறகு சோடியம் ஹைப்போகுளோரைட் (பிளீச் திரவத்தில் இருக்கும் வேதிப்பொருள்) 2 முதல் 3 சதவீதக் கரைசலைத் தெளிக்க வேண்டும். பழைய கயிற்றை எரித்துவிடுவது நல்லது, அது கழுவி முடிகிற பொருள் இல்லை.

காளைக்கு நோய் வந்திருந்தால் இன்னும் பொறுமை தேவை. தொற்றிய 42 நாளுக்குப் பிறகும்கூட விந்தில் உயிருள்ள வைரஸைக் கண்டிருக்கிறார்கள். செத்த மாட்டின் தோலை உரிக்கவே கூடாது, காய்ந்த தோலிலும் 18 நாளாவது வைரஸ் தங்கும். ஓடையிலோ குப்பைமேட்டிலோ போடாமல், நீர்நிலையிலிருந்து தள்ளி ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள்.

செத்த மாட்டின் இடத்தை நிரப்ப உடனே ஒரு மாடு வாங்கி அதே கட்டுத்தறியில் கட்டத் தோன்றும். வாங்கும் மாட்டுக்குத் தடுப்பூசி போட்டு 28 நாளாவது ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். கொண்டுவந்ததும் இன்னொரு 28 நாள் தனிக் கொட்டகையில், வலைக்குள், தனி வாளியோடு இருக்கட்டும். தினமும் காலையில் கழுத்திலிருந்து விலா வரை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டே இருங்கள்.